நான் கட்டிக் கொடுத்த சரைகள்

அக்காவின் பிள்ளையார் குளிர் அங்கிகள் தொங்கும் அலுமாரிக்குள் இருந்தார். கனடாவில் ரூஜ் என்ற இடத்தில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. வாசற்கதவைத் திறந்தால் வலது பக்கம் அந்த அலுமாரி. நாங்கள் அதற்குள் சப்பாத்தும் குடையும் வைத்திருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா மேல்தட்டில் பிள்ளையாரை வைத்திருந்தார். அதனால் பனிக்காலம் முழுவதும் அவருடைய அங்கியில் கற்பூரம் மணக்கும். வெள்ளிக்கிழமை காலையில் தீபம் காட்டியவுடன் கூரையில் இருக்கும் புகைக் கருவி அலறும். சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் அதைக் கோயில் மணி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. நான் அவருக்குச் செய்த ஒன்றைச் சொல்ல வந்தவன். அதற்காக அவருடைய பெயரையும் இழுத்து வரவேண்டியதில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கணவர் இறந்தபின் மகனோடு இங்கே குடிவந்தார். மகன் வேலை கிடைத்து மேற்கே தூரத்தில் இருக்கும் கல்கரிக்குப் போனபோது, தான் வளர்த்த நாயை அம்மாவிடம் விட்டுப் போனான். நான் ஊரில் கணிதம் படிப்பித்தவன் என்பதால் அக்காவுக்கு நான் எப்போதும் ‘மாஸ்ரர்’.

அந்தப் பிள்ளையாருக்கு ஓய்வு கிடையாது. பழைய குளிர்சாதனப் பெட்டியை எறிவதா, இன்னொரு வருடம் பார்ப்பதா? தடுப்பூசி போடுவதா, விடுவதா? பின்வளவில் கத்தரி வைப்பதா, மிளகாய் வைப்பதா? எல்லாவற்றையும் அவரே தீர்க்க வேண்டும். ஊர்க் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதென்றால் சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. கனடாவில் தை மாதத்தில் பூவுக்கு எங்கே போவது? அக்கா கடதாசிச் சரைக்கு, சின்னப் பொட்டலத்துக்கு, மாறினார். ஒரு சரையில் குங்குமம், மற்றதில் திருநீறு. இரண்டையும் பிள்ளையார் படத்துக்கு முன் வைத்துக் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். சிவப்பு வந்தால் செய்வார். வெள்ளை வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவார்.

சட்டங்கள் கடுமையானவை. கட்டுகிறவர் எடுக்கக்கூடாது. ஒரு கேள்விக்கு ஒருமுறைதான். எடுக்காத சரையைப் பிரித்துப் பார்க்கக்கூடாது. கட்டினவரே அதை அப்படியே தண்ணீரில் கரைத்துவிட வேண்டும்.

“மற்றச் சரையைப் பாக்கிறது, பெரியாக்களுக்கு வந்த கடிதத்தை உடைச்சுப் பாக்கிற மாதிரி மாஸ்ரர்” என்பார்.

கட்டுவது என் வேலை. முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

“ஏன் அக்கா என்னட்டை வாறியள்? என்ர மனிசி கட்டுவா. அவவுக்குத்தானே பக்தி.”

“அதாலைதான் வேண்டாம் எண்டிறன். பக்தியுள்ளவை தங்கட விருப்பத்தையும் உள்ளுக்கு வைச்சுக் கட்டிப்போடுவினம். உங்களுக்குக் கடவுளும் இல்லை, நேர்த்தியும் இல்லை. நீங்கள் கள்ளம் செய்யிறதுக்கு என்ன கிடக்கு?”

என் நாத்திகத்துக்கு அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. நான் அந்த வேலையைப் பெருமையாகச் செய்தேன். இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் வீடு விற்பவர்களின் படங்கள் வரும் பக்கத்தை அடிமட்டம் வைத்துச் சமசதுரமாக வெட்டுவேன். இரண்டு சரைக்கும் தேக்கரண்டியால் ஒரே அளவு. மடிப்பும் ஒன்று, நூலும் ஒன்று.

ஒருமுறை அவருக்கு நிகழ்தகவு படிப்பிக்கவும் முயன்றேன்.

“அக்கா, உது காசு சுண்டிப் பாக்கிற மாதிரித்தான். அரைக்கு அரை.”

“அரைவாசி உங்கட கணக்கெண்டே வையுங்கோ. மற்ற அரைவாசியை ஆர் பாக்கிறது?”

முப்பது வருடம் படிப்பித்த நான் அடிமட்டத்தை எடுத்து அடுத்த சதுரத்தை வெட்டினேன்.

ஒரு தேர்தலில் மூன்று பேர் போட்டியிட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு நிறம் இல்லையே என்று இரண்டு நாள் கவலைப்பட்டு, கடைசியில் சந்தனத்தைச் சேர்த்தார். யாருக்கு வாக்குப் போட்டார் என்று சொல்லவே இல்லை. ஆனால் வாக்குச்சாவடியிலிருந்து வீடு வரும்வரை, “சந்தனம் வருமெண்டு நான் நினைக்கேல்லை, மாஸ்ரர்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

விளையாட்டு என்று நான் நினைத்தது விளையாட்டில்லை என்று தெரிந்தது கல்கரி விஷயத்தில். மகன் அங்கே வீடு வாங்கிக் குடிபூரலுக்குக் கூப்பிட்டான். அக்கா பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்துவிட்டுத்தான் சரை எடுத்தார். வெள்ளை வந்தது. சேலையை மடித்து உள்ளே வைத்தார். மகன் தொலைபேசியில் கெஞ்சினான், பிறகு கத்தினான், பிறகு நாலு மாதம் பேசவில்லை. அக்கா ஒவ்வொரு நாளும் அழுதார். ஆனால் போகவில்லை. “இன்னொருக்கால் கட்டுவமே” என்று நானே கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில், களவெடுக்கச் சொன்னவன்போல் ஆகிவிட்டேன்.

நாயின் பெயர் மைலோ. அதுவும் சரையில் வந்த பெயர்தான். மகன் வைத்த மைலோ சிவப்பில், அக்கா விரும்பிய ராசா வெள்ளையில். சிவப்பு வந்ததால் ராசா ஆகாமல் போனவன். பெரிய உடம்பு, மண்ணிறம், யார் வந்தாலும் தன்னைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்ற நம்பிக்கை. வைரவரின் வாகனம் என்பதால் அக்கா அவனைக் காலால் தட்டமாட்டார். வழியில் படுத்துக்கிடந்தால் சுற்றிப் போவார். வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கும் சைவம். சோறும் பருப்பும் கரட்டும் போட்ட தட்டை அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, வேலியில் இருந்த ஓட்டை வழியாக எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையிலும் ஒரு கோழிக்கால் எனக்காக இருக்கும். அது எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த இரகசியம்.

ஒன்பதாவது வயதில் அவன் முன்னங்காலை நொண்டினான். அக்காவையும் அவனையும் ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் நான்தான் போனேன். வைத்தியர் சின்னப் பெண். படத்தைச் சுவரில் மாட்டி, தோளுக்குக் கிட்ட எலும்பில் புற்றுநோய் என்றார். இரண்டு வழிதான். காலை எடுத்துவிட்டு, மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்றலாம். ஒரு வருடம், சிலவேளை அதற்கு மேலும் இருப்பான். அல்லது நோவுக் குளிசை கொடுத்து வைத்திருக்கலாம். சில கிழமைகள், கூடினால் இரண்டு மூன்று மாதம். மூன்று காலில் ஓடும் நாய்களைத் தன் தொலைபேசியில் காட்டினார். அவை நல்லாகத்தான் ஓடின.

அக்கா என்னிடம் திரும்பினார். “மூண்டு காலோடை வைரவருக்கு வாகனமாப் போகேலுமோ எண்டு கேளுங்கோ.”

வைத்தியர் என்னைப் பார்த்தார். “நடமாட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்” என்று மொழிபெயர்த்தேன்.

“மிக நன்றாக நடமாடுவான்” என்றார் வைத்தியர்.

“ஏலுமாம் அக்கா.”

மகன் செலவு முழுவதையும் தான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டான். ஆகவே காசு ஒரு சாட்டு இல்லை. ஒரு சிக்கல்தான் இருந்தது. அந்தச் சிகிச்சை செய்யும் பெரிய மிருக வைத்தியசாலை மேற்கே, பிறம்ரனையும் தாண்டி. நெடுஞ்சாலையால் ஒன்றரை மணித்தியாலம், திரும்ப ஒன்றரை. குளிர்காலம் முழுக்க.

“யார் கூட்டி வருவார்?” என்று வைத்தியர் கேட்டார்.

இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அக்கா என்னைக் காட்டினார். “மாஸ்ரர் இருக்கிறார். அவருக்குக் கனடா முழுக்க ரோட்டுத் தெரியும்.”

நான் தலையாட்டினேன்.

அப்போது நான் கடைசியாக நெடுஞ்சாலையில் ஏறி இரண்டு வருடமாகியிருந்தது. ஒரு நாள் காற்றில் பனி எழும்பி ஒன்றும் தெரியாத நேரத்தில் ஒரு பெரிய லொறி என் கண்ணாடியோடு உரசுவதுபோலப் போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஏறுபாதையைக் கண்டாலே பயந்து வேறு தெருவுக்குத் திருப்பினேன். யாருக்கும் சொல்லவில்லை. நெரிசல் என்றேன். சின்னத் தெருவால் போனால் எண்ணெய் மிச்சம் என்றேன். பிறம்ரனில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்ரீல்ஸ் தெருவாலேயே, சந்திக்குச் சந்தி சிவப்பு வெளிச்சத்தில் நின்று நின்று போனோம். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைய, எதிரே ஆட்கள் வெற்றிலைத் தட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். “வடிவான ரோட்டு. ஒரு வெளிச்சத்தையும் விடாமல் பாத்தாச்சு” என்றாள் மனைவி.

வைத்தியரிடம் போய் வந்த அன்று பின்னேரமே அக்கா குங்கும டப்பாவோடும் திருநீற்றுக் குடுவையோடும் வந்தார். “நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலமை குளிச்சிட்டு எடுப்பம். சிவப்பெண்டால் காலை எடுக்கிறது. வெள்ளையெண்டால் விடுறது. வடிவாக் கட்டுங்கோ மாஸ்ரர், இது சீவன்.”

மறுநாள் காலை மனைவி குளித்துக்கொண்டிருந்தபோது நான் சாப்பாட்டு மேசையில் இருந்து இரண்டு சதுரம் வெட்டினேன். முதலாவதில் ஒரு தேக்கரண்டி திருநீறு வைத்தேன். இரண்டாவதிலும் ஒரு தேக்கரண்டி திருநீறு வைத்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு நானே சொன்ன நியாயங்களை மறைக்கமாட்டேன். வயசான நாய், மூன்று காலில் படி ஏறி இறங்கவேண்டும், பாவம். மருந்து ஏற்றினால் தின்றதெல்லாம் சத்தி எடுக்கும், பாவம். எல்லாப் பாவமும் நாய்க்காகத்தான் என்று என்னை நம்பவைத்தேன். ‘அக்கா, எனக்கு அந்த ரோட்டிலை ஓடப் பயம்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரி என் வாயில் வரவில்லை. கட்டி முடித்துக் கையில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இருந்தன. என் வாழ்நாளில் கட்டியவற்றுள் அவைதான் திறமானவை.

அலுமாரிக் கதவைத் திறந்து, அங்கிகளை ஒதுக்கி, அக்கா தீபம் காட்டினார். கருவி அலறியது. மோதகம் கிடைக்கும் என்று மைலோ முன்னால் குந்தியிருந்தான், நொந்த காலை நிலத்தில் முட்டாமல் தூக்கிக்கொண்டு. அக்கா கண்ணை மூடினார். கை இடது சரைக்குப் போய், நின்று, வலதுக்கு வந்தது. அந்த ஒரு கணம் அவர் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தார் என்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளை.

“சரி” என்றார். “அவர் சொல்லிப்போட்டார்.” அந்தத் திருநீற்றை எடுத்து மைலோவின் நெற்றியில் பூசினார். அவன் தும்மினான். மற்றச் சரையை நான் கோப்பை கழுவும் தொட்டிக்குள் கரைத்துவிட்டேன்.

மூன்றாம் கிழமை இன்னொரு கேள்வியோடு வந்தார். “போகப்போறவன். வெள்ளிக்கிழமையிலும் ஒரு துண்டு இறைச்சி குடுக்கலாமோ எண்டு கேட்டுப் பாப்பமே?”

அதற்கும் நான்தான் கட்டினேன். இரண்டிலும் குங்குமம் வைத்தேன்.

“பாத்தியளே, பிள்ளையார் இளகிட்டார்” என்று அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டுச் சொன்னார். அன்று மைலோ எங்கள் பக்கம் வரவில்லை. தன் வீட்டுத் தட்டிலேயே கோழி தின்றான். எனக்கு ஒரு நல்ல காரியம் செய்த நினைப்பும் வந்தது. மனிதன் தன்னை மன்னித்துக்கொள்வதற்கு ஒரு கோழித்துண்டு போதும்.

ஏழாம் கிழமை, பனி கரையத் தொடங்கிய ஒரு காலையில், மைலோ பின்படியால் இறங்கும்போது அந்த எலும்பு முறிந்தது. அவன் ஊளையிட்ட சத்தத்துக்கு நான் வீட்டுச் சப்பாத்தோடே ஓடினேன். அப்படி முறியக்கூடும் என்று வைத்தியர் முதல் நாளே சொல்லியிருந்தார்; நானே அதை அக்காவுக்கு மொழிபெயர்த்தும் இருந்தேன். காலை எடுத்திருந்தால் முறிவதற்கு அங்கே எலும்பு இருந்திருக்காது. போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். வைத்தியர் ஊசி போட்டார். அவன் கடைசியாக நக்கியது என் கையை. அதை நான் அழகுக்குச் சொல்லவில்லை. கையில் கோழி மணத்திருக்கும்.

வீடு திரும்பும்போது, அவ்வளவு நாளும் சொல்லாத ஒன்றை அக்கா சொன்னார்.

“தம்பியின்ர அப்பாவுக்கு,” என்று தொடங்கினார். மகனுடைய அப்பா, தன் கணவர். “இருதயத்திலை ஒப்பரேசன். செய்தாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து, நீங்கள்தான் சொல்லோணும் எண்டு டொக்டர் கடதாசியை என்ர கையிலை தந்தவர். செய்யுங்கோ எண்டு நான் கையெழுத்து வைச்சன். அவர் மேசையை விட்டு எழும்பேல்லை. நானெல்லோ சொன்னனான். அதுக்குப் பிறகு ஒண்டையும் நான் சொல்லுறேல்லை மாஸ்ரர்.” சிறிது தூரம் போனபின், “மைலோவின்ர விசயத்திலை எனக்கு அந்தப் பாரம் இல்லை. நான் பிள்ளையாரைக் கேட்டனான். அவர் சொன்னவர். இண்டைக்கு நித்திரை கொள்ளுவன்” என்றார்.

நான் சிவப்பு வெளிச்சத்தில் நின்றேன். பச்சை வந்தும் நின்றேன். பின்னால் இருந்தவன் ஹோர்ன் அடித்தான்.

அதை அப்படியே விட்டிருப்பேன். அவருடைய நித்திரையைக் கெடுக்கக்கூடாது என்பதுதான் நான் அடுத்ததாகக் கண்டுபிடித்த நியாயம். ஆனால் புரட்டாதியில் அக்காவுக்கு முழங்கால் மாற்றவேண்டும் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். இரண்டு டப்பாவோடும் எங்கள் குசினிக்கு வந்தார். மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“மாஸ்ரர், என்ர காலுக்கு ஒண்டு கட்டோணும்.”

“ஏலாது அக்கா.”

“ஏன், கண் தெரியேல்லையோ?”

“மைலோவுக்குக் கட்டினதிலை ரண்டிலும் திருநீறுதான் வைச்சனான். அந்தப் பெரிய ரோட்டிலை ஓடப் பயத்திலை.”

வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது.

“பயமோ?” என்றார் அக்கா. “எதுக்கு?”

“லொறிக்கு.”

“அதைச் சொல்லியிருக்கலாமே. கோயில் பெடியள் எத்தினை பேர் கார் வைச்சுக்கொண்டு நிக்கிறாங்கள்.”

“ஓம் அக்கா.”

“எத்தினை தரம் உப்பிடிச் செய்தனீங்கள்?”

“ரண்டு தரம். வெள்ளிக்கிழமை இறைச்சிக்கும்.”

“அது குங்குமம் வந்தது.”

“ரண்டிலும் குங்குமம்.”

அவர் உதடு அசைந்தது. சிரிக்கப்போகிறார் என்று ஒரு கணம் நம்பினேன். கதிரையை இழுத்து மெதுவாக இருந்தார்.

“அப்ப கல்கரி?”

“இல்லை அக்கா. அது நேர்மையாக் கட்டினது. சத்தியமா.”

“ஆரிலை சத்தியம் மாஸ்ரர்? உங்களுக்குத்தான் ஒருத்தரும் இல்லையே.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள்.

“அவர் சொன்னவர் எண்டு நான் நித்திரை கொண்டன்” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. “அண்டைக்கு நான் கும்பிட்டு நிண்டது உங்களை.”

பிறகு அங்கியின் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து மகனை அழைத்தார். அவருக்குக் காதில் வைத்துக் கேட்டால் விளங்காது. எப்போதும் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார்.

“தம்பி, நான் கல்கரிக்கு வாறன். முழங்காலும் அங்கை செய்வம்.”

“எப்ப அம்மா? பிள்ளையாரைக் கேட்டனீங்களோ?”

“கேக்கேல்லை. நான் வாறன்.”

மகன் ஆங்கிலத்துக்கு மாறினான். “அம்மா, ஆர் யூ ஓகே?” என்றான்.

அக்கா எழுந்து மனைவியின் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். ஒரு மாதத்தில் வீடு விற்றாயிற்று. விமான நிலையத்துக்குக் கோயில் பெடியன் ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். நான் வாசலில் நின்றேன். அவர் என்னைத் தனக்குத் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோலக்கூடப் பார்க்கவில்லை, பார்க்கவே இல்லை.

இது நடந்து ஆறு வருடமாகிறது. மனைவியோடு அவர் இப்போதும் ஞாயிறுதோறும் கதைக்கிறார். முழங்கால் நல்லாக வந்துவிட்டதாம். பேத்தி நடக்கிறாளாம். புது நாய் ஒன்று வாங்கச் சொல்லி மகன் கேட்க, வேண்டாம் என்று உடனேயே சொல்லிவிட்டாராம். பேச்சு முடியும்வரை நான் பத்திரிகையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருப்பேன். முடிந்ததும் கேட்பேன்.

“என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ?”

“உங்களுக்குப் பொய் வேணுமோ, உண்மை வேணுமோ?” என்பாள் மனைவி.

“உண்மை.”

“கேக்கேல்லை.”